ஒரே காட்டு இலை

பூவனலிங்கம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னவருக்கு அது அடுத்த நிமிடமே மறந்துவிட்டது. கேட்ட அவர் மனைவி சொர்ணத்தாய்க்கோ தை மாதம் போன தூக்கம் பங்குனிப் பொங்கல் வரைக்கும் திரும்பி வரவில்லை.

அன்றைக்குப் பசுவந்தனைக்கு மேற்கே அவர்களுடைய கரிசல் காட்டில் அவுரி பறிப்பு. இந்தப் பக்கம் அவுரி என்று சொல்வதை நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் நிலாவாரை என்பார்கள். மஞ்சளாகப் பூக்கும். மழை ஏமாற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. ஆடு வாய் வைக்காது; ஆட்டுக்காரர்கள் நிறைந்த ஊரில் ஒரு வெள்ளாமைக்கு இதைவிட நல்ல குணம் கிடையாது. இலையை உருவி, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டி வைத்தால் லாரி வந்து தூத்துக்குடிக்கு ஏற்றிப்போகும். அங்கிருந்து கப்பல். கப்பல் போய்ச் சேருகிற ஊரில் அதை என்ன செய்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: மலம் கட்டினவர்கள் வயிறு கழியக் குடிக்கிறார்கள். காற்று மாறியடித்து இலைத் தூசி மூக்கில் ஏறினாலே, உருவுகிற பெண்களில் இரண்டு பேராவது உடைமரத்து மறைவுக்கு ஓடுவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கோவில்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, வண்டிப்பாதை வழியாக உமாதேவி நடந்து வந்தாள். பூவனலிங்கத்தின் தம்பி இசக்கிபாண்டியின் மனைவி. சொர்ணத்தாய்க்கு ஓரகத்தி. புருஷன் லாரி ஓட்டுகிறான். பத்து நாள் வீட்டில் இருந்தால் இருபது நாள் ரோட்டில் இருப்பான். உமா கோவில்பட்டியில் ஒரு துணிக்கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். பறிப்புக் காலத்தில் மட்டும் பங்குக் காட்டை எட்டிப் பார்ப்பாள். போன பறிப்புக்கு வந்தபோது அவளும் சொர்ணத்தாயைப் போல உரல் மாதிரித்தான் இருந்தாள். இப்போது வந்தவளுக்கு இடுப்பு இருந்தது.

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பூவனலிங்கம் நிமிர்ந்து பார்த்து, கோணூசியைக் கையிலேயே பிடித்தபடி சொன்னார்: "யாரோ காலேஜ்ல படிக்க பிள்ளை வருதுன்னுல்லா நெனைச்சேன். நம்ம உமாவா இது!"

அவ்வளவுதான் வார்த்தை.

சொர்ணத்தாய்க்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் வைப்பதில் லாபமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த மனுஷன் கண்ணெதிரில்தான் களையெடுத்தாள், பருத்தி எடுத்தாள், இந்த அவுரியை உருவி உருவி விரல் தோலெல்லாம் உரிந்து கிடக்கிறாள். ஒருநாள் ஒருபொழுது அவளைப் பார்த்து அந்த மனுஷனின் ஊசி நின்றதில்லை.

பெண்கள் எல்லாரும் உமாவை மொய்த்துக்கொண்டார்கள். என்ன சாப்பிடுகிறாய், எப்படிக் குறைந்தாய் என்று ஆளுக்கொரு கேள்வி.

"ஒண்ணுமில்ல, நடக்கேன். அவ்வளவுதான்" என்றாள் உமா, முந்தானையைச் சரிசெய்துகொண்டே.

நடந்தே இடுப்பு சிறுத்துவிடும் என்றால் ஆட்டுக்குப் பின்னாலேயே அலைகிற இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இடுப்பே இருக்கக்கூடாது, இல்லாமல் தேய்ந்து போயிருக்கவேண்டும். சொர்ணத்தாய் அதை நம்பவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து நடந்தாள். அதோடு போனில் யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்தாள். கொள்ளு ரசம் வைத்துக் குடித்தாள். உடம்பு சூடேறி நீர்க்கடுப்பு வந்தது. சோற்றுக் கற்றாழையை வழித்து விழுங்கினாள். வயிற்றுவலியோடு பாயில் சுருண்டாள். வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றதில் உடம்பெல்லாம் வெந்தய நாற்றம் அடித்து, "என்னட்டி இது, ஊறுகாய்ப் பானைக்குள்ள படுத்து எந்திரிச்சியா?" என்று பூவனலிங்கம் கேட்டார். உடம்பு மட்டும் இருந்தபடியே இருந்தது.

மாசியில், பங்குனிப் பொங்கலுக்கு ஜவுளி எடுக்கக் கோவில்பட்டி போனாள். குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பது இப்போது வந்த பழக்கம். இந்த வருஷம் மாம்பழ நிறம் என்று உமாதான் முடிவு செய்திருந்தாள். யாருக்கு எடுப்பாக இருக்கும் என்று தெரிந்து செய்த முடிவு என்று சொர்ணத்தாய் நினைத்தாள். சேலை எடுத்துவிட்டு இரண்டு பேரும் உமா வீட்டுக்குப் போனார்கள். போனதும் உமா கக்கூசுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

நாமே காப்பி போடலாம் என்று சொர்ணத்தாய் அடுப்படியில் சீனி தேடினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பச்சை அட்டைப்பெட்டி ஒளித்து வைத்திருந்தது. ஒளித்து வைத்த பொருளை எடுத்துப் பார்க்காமல் விட அவள் ஒன்றும் சாமியார் இல்லை. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரி தன் இடுப்பைத் தானே அளந்துகொண்டு நின்றாள். உள்ளே பொடிந்த சருகு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் மச்சிலும் வருஷா வருஷம் அடிக்கிற அதே வாசனை. அவுரி. நம் காட்டுச் சருகு கப்பலேறிப் போய், வெள்ளைக்காரி படம் ஒட்டிக்கொண்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது! டவுனில் பிறந்த உமாவுக்கு, தான் விலை கொடுத்து வாங்குவது தன் பங்குக் காட்டில் விளைவதுதான் என்றுகூடத் தெரியவில்லை. சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடக்கிறாளாம் நடை! நடக்கிறது கக்கூசுக்குத்தான்.

கதவு திறந்தது. உமா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கிட்டத்தில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"என்னக்கா தேடுதீங்க?"

"சீனி."

"மேல் தட்டுல இருக்கு, பாருங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஏட்டி, இது நம்ம அவுரிடீ, ஒருநாள் குடிச்சா மருந்து, நித்தம் குடிச்சா குடலை அரிச்சுரும் என்று நாலு வார்த்தை. நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் ஊசி நின்ற அந்தக் கை ஞாபகம் வந்தது. சொர்ணத்தாய் மேல் தட்டிலிருந்து சீனியை எடுத்தாள்.

ஊருக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, மச்சில் கிடந்த மூட்டையின் தையலைப் பிரித்ததுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு இத்தனை நாள் நெய்க்கு அலைந்திருக்கிறாள். உமா தேக்கரண்டியில் அளந்து போடுவாளாக இருக்கும். மூட்டை வைத்திருப்பவளுக்குத் தேக்கரண்டி எதற்கு? ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்கு முகம் சுளிக்கும். விடிந்தபோது எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆனால் ஜாக்கெட்டின் கீழ்க்கொக்கி இழுக்காமல் மாட்டியது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

அப்புறம் கைப்பிடியை அரைக் கைப்பிடி ஆக்கிக்கொண்டாள். நிறுத்தவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. கன்னம் ஒட்டியது. காட்டுக்குப் போனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. படுத்தால் கெண்டைக்கால் சுண்டி இழுத்துக் கல்லாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நீவிவிடுவாள். இலை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் தானாக ஒழுங்காக இருந்த வயிறு, இப்போது அவுரித் தண்ணீர் இல்லாவிட்டால் அசைய மறுத்தது. அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பூவனலிங்கம் ஒருநாள் அவளை உற்றுப் பார்த்தார். இவளுக்கு மனசு துள்ளியது.

"என்னட்டி, மூஞ்சி இப்பிடி வத்திப்போய்க் கெடக்கு? ஒழுங்கா சாப்பிடுதியா இல்லையா?" என்றார்.

உமா குறைந்தால் காலேஜ் பிள்ளை. இவள் குறைந்தால் வற்றல். சொர்ணத்தாய் அன்றைக்கு மூட்டையிலிருந்து அள்ளியது மறுபடியும் முழுக் கைப்பிடி.

ஆனால் பார்க்க வேண்டியவள் பார்த்துவிட்டாள். தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்வதற்காக உமா ஊருக்கு வந்தாள். போட்டதும் அது தோளில் தொங்கியது. பழைய அளவுக்குத் தைத்திருந்தாள். அளவு டேப்பை எடுத்து இடுப்பில் சுற்றியவள், டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொர்ணத்தாய்க்குத் தெரியாமல் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள்.

"எப்பிடிக்கா இவ்வளவு குறைஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லட்டி, நடக்கேன். அவ்வளவுதான்" என்றாள் சொர்ணத்தாய்.

அந்தப் பதிலைச் சொன்னபோது இருந்த ருசி, எந்தப் பொங்கலிலும் அவள் கண்டதில்லை. உமாவின் முகம் சுண்டியது. வீட்டுக்குப் போனதும் தேக்கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்ப்பாள் என்று சொர்ணத்தாய்க்குத் தெரியும். தெரிந்தும் பஸ் ஏற்றிவிட்டாள். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்பார்களே, அந்தச் சாதி மனசு.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்தது. காப்புக் கட்டியதிலிருந்து முளைப்பாரி எடுக்கிற பெண்களுக்கு விரதம், ஒருவேளைச் சாப்பாடு. இரண்டு பேரும் ஒருவேளையையும் பாதி வேளையாக்கிக்கொண்டார்கள். பொங்கலன்றைக்குச் சாயங்காலம் கோயில் முன்னால் முளைப்பாரியை நடுவில் இறக்கிவைத்து, மாம்பழ நிறச் சேலையில் குடும்பத்துப் பெண்கள் கும்மி கொட்டினார்கள். மேளமும் உறுமியும் நெருக்கி வந்து நின்று அடித்தன. வெயில் தாழ்ந்தும் தரை கொதித்தது.

மூன்றாவது சுற்றில் உமா கைதட்டுவதை விட்டாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. விரல்கள் உள்ளே மடங்கின. பல் கிட்டி, கண் மேலே செருகியது.

"அம்மன் வந்துட்டா!" என்று ஒரு குரல் எழுந்தது. உடனே குலவை. கொட்டுக்காரர்கள் அடியை மாற்றினார்கள், வெறியடி அடித்தார்கள். சாமியாடி ராமசுப்பு ஓடிவந்து ஒரு கை விபூதியை அவள் நெற்றியில் அப்பி, வேப்பிலைக் கொத்தைக் கையில் திணித்தார். விழப்போனவளை இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. "தாயே, மழையைக் குடு! காடு காஞ்சு கெடக்கு, வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லு!" என்று எல்லோருக்கும் முந்திக் கும்பிட்டு விழுந்தவர் பூவனலிங்கம்.

சொர்ணத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கோயில் முன்னால், வருஷா வருஷம் கொட்டு உச்சத்துக்கு ஏறும்போது, அவள் கண்ணை லேசாக மூடிக்கொண்டு காத்திருப்பாள். தன்மேல் வராதா, மூத்த மருமகள் என்றாவது ஒருதரம் வராதா என்று. யாரிடமும் சொன்னதில்லை. ஒருதரமும் வந்ததில்லை. இன்றைக்கு நேரே உமாவிடம் போய்விட்டது. அம்மனுக்குமா ஒல்லியான பொம்பிளை வேண்டியிருக்கிறது! அவளுக்குக் கண் நிறைந்து தண்ணீர் வந்தது. பக்தி என்று பக்கத்தில் இருந்தவள் நினைத்திருப்பாள்.

எல்லாரும் உமாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொடாவிட்டால் ஊர் பேசும் என்று சொர்ணத்தாயும் குனிந்து காலைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது. அருள் வந்த உடம்பு அனலாகக் கொதிக்கும் என்பார்கள். இது ஐஸ் மாதிரி இருந்தது, வேர்த்து வழிந்தது. கால்விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. கெண்டைக்கால் கல். அந்தக் கல்லை அவளுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் நீவுகிற அதே கல்.

அண்ணாந்து பார்த்தாள். உமாவின் உதடு அசைந்தது. "அக்கா... காலு..."

"நிப்பாட்டுங்க!" என்று சொர்ணத்தாய் கத்தினாள். கொட்டுச் சத்தத்தில் அது எடுபடவில்லை. மறுபடியும் கத்தினாள். "சாமி இல்ல இது! நோக்காடு! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

ராமசுப்புவுக்குக் கண் சிவந்தது. "சொர்ணம், வாயைக் கழுவு! சாமி குத்தமாயிரும்!"

"மூத்தவ மேல வரலையேன்னு பொறாமை, வேறென்ன?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சொர்ணத்தாய் மேளக்காரன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். கொட்டு நின்றது. உறுமியும் தானாக ஓய்ந்தது. ஊர் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது.

"ஆமா, பொறாமைதான்!" என்றாள். "பொறாமையிலதான் இத்தனை நாளும் சொல்லாம இருந்தேன். இவ இளைக்கணும்னு நித்தம் அவுரி குடிக்கா. நம்ம காட்டு அவுரி! பெட்டியில அடைச்சு விக்காங்க, அது தெரியாம வாங்கிக் குடிக்கா. எனக்குத் தெரியும். அவளை முந்தணும்னு நானும் குடிக்கேன். இந்தா பாருங்க!" சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, இழுத்துக்கொண்டு துடித்த தன் காலைக் காட்டினாள். "எனக்குள்ளயும் அம்மன் இருக்காளா? கேளுங்க குறி! பேதிக்குக் குறி சொல்லத் தெரியுமா, கேளுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. பூவனலிங்கம் தரையிலிருந்து எழுந்தார். மனைவியின் காலையும் தம்பி மனைவியின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உமாவைத் தூக்கிக்கொண்டு, ரோட்டோரம் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் உமாவைப் படுக்கவைத்து, மார்பில் வயரை ஒட்டி, கையில் டிரிப் ஏற்றினார்கள். பக்கத்தில் நின்று விவரம் சொல்லிக்கொண்டிருந்த சொர்ணத்தாய், பாதியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவளுடைய நாடியையும் பிடித்துப் பார்த்து, அடுத்த கட்டிலைக் காட்டினார்.

"ரத்தத்துல இருக்கவேண்டிய உப்பெல்லாம் வயித்தோட போயிருச்சு" என்றார் அவர். "இது கீழ இறங்குனா கால் இழுக்கும், தசை சோரும். இன்னும் இறங்கியிருந்தா இதயம் நின்னுருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் கொட்டடிச்சு ஆடவிட்டிருந்தீங்கன்னா, இங்க கொண்டாந்து புண்ணியம் இல்ல." பூவனலிங்கத்தைப் பார்த்தார். "இலை மேல தப்பு இல்ல. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. நாலு நாள் குடிச்சிட்டு விட்டுறணும். நித்தம் குடிச்சா குடல் தானா வேலை செய்யறதையே மறந்துரும். இளைச்சது கொழுப்புன்னு நெனைக்காங்க. போனது தண்ணி. ரெண்டு பேரும் தேறுவாங்க. இளநி வாங்கிக் குடுங்க."

பூவனலிங்கம் இளநீர் வாங்கப் போனார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் அளவு இடைவெளிதான். இரண்டு பேரும் மாம்பழ நிறச் சேலையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

"எப்பக்கா பெட்டியைப் பாத்தீங்க?" உமாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"சீனி தேடுனேன்ல, அன்னைக்கு."

கணக்குப் போட்டுப் பார்க்க உமாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடச் சொர்ணத்தாய்க்குத் தேவலையாக இருந்திருக்கும். அப்புறம் திரும்பாமலே உமா பேசினாள்.

"எல்லாரும் எங் காலுல விழுந்தப்போ எனக்கும் அம்மன்தான் வந்திருக்கான்னு தோணுச்சு. வலி உயிர் போச்சு. ஆனாலும் அது நிக்கக்கூடாதுன்னு இருந்துச்சு. நீங்க கொட்டை நிப்பாட்டுனதும், பொறாமையில நிப்பாட்டுதாவன்னு உங்க மேல கோவம்தான்க்கா வந்துச்சு."

டிரிப் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இல்லையட்டி, உன் உயிருக்குப் பயந்துதான் என்று சொல்லச் சொர்ணத்தாய் வாயெடுத்தாள். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் உமாவின் காலைவிட்டு எழுந்தபோது, நெஞ்சின் ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தது அணைந்ததும் பொய் இல்லை.

"எதுக்கு நிப்பாட்டுனேன்னு எனக்கே தெரியலட்டி" என்றாள் கடைசியில். "ரெண்டும் இருந்துச்சு."

உமா திரும்பிப் படுத்தாள். முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

பூவனலிங்கம் வந்துவிட்டார். கையில் சீவிய இளநீர் இரண்டு. ஒன்று பெரிது, பச்சை. மற்றது சிறிது, தோல் வாடியது. கடையில் மிச்சமிருந்தது அவ்வளவுதானாம். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, எதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் முழித்தார். சொர்ணத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உடம்பில் உப்பில்லை, எழுந்து உட்காரத் தெம்பில்லை, பார்க்கிறதற்கு மட்டும் கண் இருந்தது.

"இந்தா, குடி" என்று பெரிய இளநீரை அவள் கையில் வைத்துவிட்டு, சின்னதை உமாவிடம் கொடுத்தார். மறுபடி மனைவியிடம் திரும்பினார். "கூறுகெட்டவளே, நீ எப்பிடி இருந்தா எனக்கென்ன?" என்றார். திட்டத்தான் நினைத்தார், திட்டாக வரவில்லை.

சொர்ணத்தாய் இளநீரை வாயில் வைக்கவில்லை. முதலில் தலையைத் திருப்பி, உமா அதைப் பார்த்தாளா என்று பார்த்தாள். பார்த்திருந்தாள்.

அதன் பிறகுதான் அவள் டிரிப் ஏறாத கையை நீட்டி, பெரிய இளநீரை அடுத்த கட்டிலில் வைத்தாள். "நீதான் ரொம்பக் காஞ்சு கெடக்கே. இதைக் குடி. அந்தச் சின்னதை இங்கன தா" என்றாள்.